அத்தையின் மூன்று பதிவேடுகள்

நான் சொல்லப் போவதில் எது நடந்தது, எது நானாகப் பிறகு சேர்த்துக்கொண்டது என்று எனக்கே முழு நிச்சயம் இல்லை. அந்தச் சாயங்காலம் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். போன மாதம் பழைய வானிலைக் குறிப்பேட்டைப் புரட்ட நேர்ந்தது. அந்த வாரம் முழுக்க வெளிறிய வானம். ஒரு துளி இல்லை. மழையை நான்தான் கொண்டுவந்து கொட்டியிருக்கிறேன். ஏன் என்று வெகுநேரம் யோசித்தேன். மழைச் சத்தத்தில் ஒருவனுக்குக் கவனம் சிதறலாம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்த காரியத்துக்கு அந்த நியாயமும் கிடையாது. ஆகவே மழையை எடுத்துவிட்டுச் சொல்கிறேன். மற்றவற்றில் பிசகினால் பதிவேடுகள் திருத்தட்டும்.

அத்தை என்று நாங்கள் கூப்பிட்டது ஓர் இரட்டை இறக்கை விமானத்தை. மரச்சட்டம், அதன்மேல் இழுத்துத் தைத்த துணி, மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திறந்த இருக்கைகள். ஓட்டுபவர் பின்னால் உட்கார வேண்டும். காலையில் மூக்கு விசிறியைக் கையால் முதல் தடவை சுற்றிவிட்டதும் எஞ்சின் பிடித்ததாகச் சரித்திரமே இல்லை. "சாப்பிட வாங்கன்னு ஒரு தடவ கூப்பிட்டா வருவாங்களா? ரெண்டாவது தடவ கூப்பிட்டாத்தான் மரியாதை" என்று சொல்லி, என் தங்கைதான் அந்தப் பெயரை வைத்தாள். அவள் எங்கள் பறக்கும் சங்கத்தில் பயிற்றுநர். ஆக, என் மகளுக்கு இரண்டு அத்தைகள். இரண்டு பேரும் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

பதிவேடுகள் மூன்று. எந்த விமானத்துக்கும் பிறந்த நாள் முதல் அப்படி ஒன்று இருக்க வேண்டும். எத்தனை மணி பறந்தது, எது உடைந்தது, யார் சரிசெய்தார், யார் சரிபார்த்தார், எல்லாம் அதில் ஏற வேண்டும். முதல் பதிவேடு ஒரு பழைய யுத்தக் காலத்தில் தொடங்குகிறது. பறக்கத் தெரியாதவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அப்போது அத்தையின் வேலை. நான்கு வருடத்தில் பதினொரு விபத்து. "இறங்கும்போது இடது சக்கரம் முறிந்தது. மாணவர் நலம்." "வேலிமேல் இறங்கியது. கீழ் இறக்கை மாற்றப்பட்டது. மாணவர் நலம்." மாணவரைப் பற்றி எழுத அந்தப் பக்கத்தில் கட்டமே கிடையாது. எழுதிய மெக்கானிக் யாரோ, ஓரத்தில் இடுக்கி இடுக்கிச் சேர்த்திருக்கிறார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இரண்டே எழுத்தில் ஒரு கிறுக்கல், அவ்வளவுதான்.

இரண்டாவது பதிவேட்டில் அத்தைக்குப் பிழைப்பு மாறிவிட்டது. கொஞ்ச காலம் வாலில் விளம்பரத் துணி கட்டி இழுத்திருக்கிறது. பிறகு முன் இருக்கையைக் கழற்றித் தொட்டி வைத்து, வயல்களுக்குப் பூச்சிமருந்து தெளித்திருக்கிறது. பிறகு பதினொரு வருடம் ஒரு வரிகூட இல்லை. ஒரு தானியக் கிடங்கில் கிடந்திருக்கிறது. அந்த மௌனத்துக்குப் பின் வரும் முதல் வரி என் கையெழுத்து: "எலிக்கூடு மூன்று அகற்றப்பட்டது." மூன்றாவது பதிவேடு அங்கிருந்து ஆரம்பம். அதில் இரண்டே கையெழுத்துகள் மாறி மாறி வரும். ஒன்று என்னுடையது, மற்றது மாப்பிள்ளையுடையது.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவன். என்னைவிட இரண்டு வயது சிறியவன். மெக்கானிக்காக எங்கள் கொட்டகையில் சேர்ந்தான். எஞ்சினைப் பிரித்தவன் தங்கையைப் பார்த்தான். ஒரு வருடத்தில் உறவுக்காரன் ஆகிவிட்டான். கைவேலை என்றால் அவனுடையதுதான். கம்பியை முறுக்கிப் பூட்டினால், அந்த முறுக்கை எண்ணிப் பார்க்கலாம், ஒவ்வொன்றும் ஒரே அளவாக இருக்கும். பத்து வருடத்தில் அவன் வேலையில் நான் ஒரு குறை கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடிக்க ஆசைப்பட்டது உண்டு.

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவன், விட்ட இடத்தில் ஒரு கருவியை வைத்துவிட்டுப் போவான். சிவப்பு அட்டை கட்டித் தொங்கவிட வேண்டும் என்பது விதி. அட்டை காற்றில் பறந்துவிடும், எண்ணெய் பட்டுக் கிழிந்துவிடும். ஸ்பேனர் எங்கே பறக்கும்? கருவி இருந்தால் வேலை முடியவில்லை. கருவியை எடுத்தவன் வேலையை முடித்தவன். உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல இது. இரண்டு பேர் பத்து வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தால் தானாக முளைப்பது.

அந்த வசந்தத்தில் நாங்கள் பேச்சை நிறுத்தியிருந்தோம். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அத்தையின் சக்கர மூடிகளை அவன் என்னைக் கேட்காமல் சிவப்பாக அடித்துவிட்டான். முதல் பதிவேட்டில் வெள்ளி நிறம் என்று இருக்கிறது என்றேன். "பதிவேட்டுல எலிக்கூடும்தான் இருக்கு, மறுபடி வைக்கலாமா மச்சான்?" என்றான். சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள், சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான். உப்பில்லை, புளியில்லை. ஆனால் ஐந்து வாரம் ஓடியது.

நடுவில் மாட்டிக்கொண்டவள் தங்கை.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, எண்ணெய் டின்ன மூடி வைக்கணும்" என்பேன். அவன் இரண்டடி தள்ளித்தான் நிற்பான்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, டின்னத் தொறந்ததே அவருதான்."

"நான் என்ன தபால்பெட்டியா?" என்பாள் அவள். "ரெண்டு பேரும் முகத்த இப்படி வச்சுக்கிட்டு என் வண்டியத் தொடாதீங்க. அதுவும் முகத்தத் தூக்கி வச்சுக்கப் போகுது."

எனக்கு இயல்பிலேயே பேச்சு குறைவு. அதனால் அந்த ஐந்து வாரம் என்னை அதிகம் உறுத்தவில்லை. சொல்லப் போனால், உள்ளூர ஒரு சௌகரியம்கூட இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அது உண்மை.

ஒரு செவ்வாய்க்கிழமை, வாலுக்குப் போகும் கம்பியை மாற்ற வேண்டியிருந்தது. விமானத்தின் வாலில் மேலும் கீழுமாக அசையும் ஒரு மடல் உண்டு. ஓட்டுபவர் கையில் இருக்கும் குச்சியைப் பின்னால் இழுத்தால் ஒரு கம்பி அந்த மடலை மேலே இழுக்கும், மூக்கு உயரும். அந்தக் கம்பியின் நுனியை மடலோடு இணைப்பது ஒரு போல்ட். போல்ட்டுக்கு ஒரு நட்டு. நட்டு அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க, குறுக்கே துளையில் ஒரு ஸ்பிளிட் பின். கூந்தலில் செருகும் கொண்டை ஊசியைவிடச் சின்னது. நுனியைப் பிரித்து மடக்கிவிட்டால் நட்டு ஜென்மத்துக்கும் அசையாது. பின் இல்லாவிட்டாலும் உடனே ஒன்றும் ஆகாது. நட்டு ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்.

வேலை மாப்பிள்ளையுடையது. சரிபார்ப்பது நான். அன்று அவனுக்குக் கடைவாய்ப் பல்வலி. கன்னம் வீங்கி, வாயில் எலுமிச்சம்பழம் அடக்கியவன்போல இருந்தான். கம்பியைப் பூட்டினான், நட்டை முறுக்கினான். அந்த அளவுப் பின் டப்பாவில் தீர்ந்திருந்தது. புதுப் பெட்டி இருந்த அலமாரிச் சாவி ஸ்டோர்காரரிடம். அவர் கிளம்பிப் போயிருந்தார். பல் மருத்துவர் கொடுத்த நேரமும் நெருங்கிவிட்டது. காலையில் வந்து பின்னைப் போட்டுக்கொள்ளலாம் என்று, கையில் இருந்த பிளேயரை மடல்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அது என் பிளேயர். அவனுடையதன் வாய் மழுங்கியிருந்ததால் என்னுடையதை எடுத்திருக்கிறான்.

நான் அலுவலக அறையிலிருந்து திரும்பி வந்தேன். வால்மேல் என் பிளேயர் கிடந்தது.

அந்த நிமிடத்தைத்தான் நான் ஆயிரம் தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வேறு எந்த நாளாக இருந்தாலும், வேறு எந்தக் கருவியாக இருந்தாலும், வேலை முடியவில்லை என்று என் கை புரிந்துகொண்டிருக்கும். அன்று எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: பேச மாட்டான், ஆனால் என் பிளேயர் மட்டும் வேண்டும், எடுத்த இடத்தில் வைக்கத் துப்பில்லை. எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நட்டைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. பின் இருப்பது அடிப்பக்கம். குனிந்து, சின்னக் கண்ணாடியைக் காட்டிப் பார்க்க வேண்டும். குனியவில்லை. அவன் பின் போடாமல் விட்டதாக இந்தப் பத்து வருடத்தில் ஒரு நாள் உண்டா?

வேலைத்தாளில் இரண்டு கட்டம் இருக்கும். 'செய்தவர்', 'சரிபார்த்தவர்'. முதல் கட்டம் காலியாக இருந்தது. "மாப்ள, உன் கையெழுத்து எங்கப்பா?" என்று மற்ற நாளில் ஒரு சத்தம் போட்டிருப்பேன். இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, தாளை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் அவன் புதுப் பின் பெட்டியோடு வந்தான். வால்மேல் பிளேயர் இல்லை. தாளில் என் கையெழுத்து இருந்தது. கருவியை எடுத்தவன் வேலையை முடித்தவன். மச்சான் தன் கையிருப்பிலிருந்து ஒரு பின்னைப் போட்டு முடித்துவிட்டார் என்று நினைத்தான். நான் நன்றாகப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவன் அல்ல என்று அவனுக்குத் தெரியும். கேட்டிருக்கலாம். நாங்கள்தான் பேசிக்கொள்வதில்லையே. முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். அவன் கையை நம்பி நான், என் கையை நம்பி அவன். நடுவில் ஒரு பின் இல்லை.

அதன் பிறகு அத்தை ஒன்பது நாளில் ஏழு தடவை பறந்தது.

எட்டாவது தடவை, ஒரு வியாழக்கிழமை நண்பகல், தங்கை தனியாகப் போனாள். முன் இருக்கை காலி. இறங்கிப் பழகுவதற்காக ஒரு சுற்று. நான் கொட்டகை வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தேன். இதை நான் சேர்த்துக்கொள்ளவில்லை, கோப்பையின் கைப்பிடி பிறகு புல்லில் கிடைத்தது. ஓடுபாதைக்கு மேலே தென்னை உயரத்துக்கு இறங்கிவிட்டாள். மூக்கைத் தூக்க வேண்டிய நேரம். மூக்கு எழவில்லை, கவிழ்ந்தது. எஞ்சின் திடீரென்று உறுமியது. அவள் முழு வேகம் கொடுத்திருக்கிறாள். அந்த இழுப்பில் மூக்கு சற்றே நிமிர்ந்தது. சக்கரங்கள் மோதிச் சிதறின. வால் மெதுவாக, மிக மெதுவாக மேலே எழுந்து, அத்தை மல்லாந்து விழுந்தது.

ஓடினோம். மாப்பிள்ளை எனக்கு முன்னால் ஓடினான். மேல் இறக்கை அப்பளமாக நொறுங்கி அடியில் கிடந்தது. பெட்ரோல் தொட்டி அந்த இறக்கையின் நடுவில், சொட்டிக்கொண்டிருந்தது. தங்கை பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினாள்.

"மச்சான், தோளத் தாங்கிப் பிடிங்க. பெல்ட்ட அறுக்குறேன்."

"அறு. பிடிச்சுட்டேன்."

"சுவிட்ச அணைச்சுட்டேன்" என்றாள் அவள், வாயெல்லாம் ரத்தம். "எதுக்கு ரெண்டு பேரும் இப்படிக் கத்துறீங்க?"

ஐந்து வாரத்துக்குப் பிறகு நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட வார்த்தைகள் அவை. தீப்பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு இன்றுவரை யாரும் எனக்கு விளக்கம் சொல்லவில்லை.

இடது கால் இரண்டு இடத்தில் முறிவு, காறையெலும்பு ஒன்று, முன்பல் இரண்டு. மருத்துவமனை நடையில் பச்சை வண்ணம் அடித்த பெஞ்சில் நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தோம். அதற்குள், விபத்தை விசாரிக்க வந்திருந்த அதிகாரியின் ஆட்கள் வாலைப் பார்த்துவிட்டார்கள். போல்ட் இல்லை, நட்டு இல்லை. பின் இருந்ததற்கான தடயமும் இல்லை.

"மச்சான்" என்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தான். "பின் போடாமத்தான் போனேன். பிளேயர மேல வச்சுட்டுப் போன மாதிரி ஒரு ஞாபகம். ஆனா வச்சிருந்தா நீங்க பாத்திருப்பீங்க. பாத்தா முடிக்காம விட மாட்டீங்க. அப்போ நான் வைக்கல. பல்லு வலியில வைக்காமலே போயிருக்கேன். காலைல வந்து, வச்சேன்னு நெனச்சுக்கிட்டு, கையெழுத்தும் போட்டிருக்கேன்."

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"என் கையாலயே அவள…" என்று தொடங்கி நிறுத்தினான்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பிளேயர் என் சட்டைப் பையில் அன்றுகூட இருந்தது. சொன்னால் என் லைசென்ஸ் போகும். இருபத்திரண்டு வருட வேலை போகும். அது மட்டும் காரணம் என்றால் ஒருவேளை சொல்லியிருப்பேன். தங்கை விழுந்தது ஒரு பிளேயருக்காக என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதற்குத்தான் நாக்கு எழவில்லை. எனக்கு மௌனம் எப்போதும் ஒரு நல்ல குணமாகவே தோன்றியிருக்கிறது. அது ஒளிந்துகொள்ள இடமாகவும் ஆகும் என்று அந்தப் பெஞ்சில்தான் தெரிந்தது.

மறுநாள் மாப்பிள்ளை விசாரணை அதிகாரியிடம் போய், எல்லாத் தவறும் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டான். "அவர் என் வேலைய நம்பிக் கையெழுத்துப் போட்டாரு, அவர்மேல தப்பில்ல" என்றும் சேர்த்திருந்தான். அதன் பிறகு கொட்டகைக்கு வரவில்லை. கருவிப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தங்கையின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இனி ஒரு திருகைக்கூடத் தொட மாட்டேன் என்றானாம்.

"என் முகத்தப் பாக்க மாட்டேங்கிறார் அண்ணா" என்றாள் தங்கை. பல் போன இடத்தில் காற்று சீட்டியடித்தது. "சாப்பாடு ஊட்டுறப்பகூட கரண்டியத்தான் பாக்குறார். நேத்து மூக்குல ஊட்டிட்டார். திட்டிப் பாத்தேன், சிரிச்சுப் பாத்தேன். கால் ஒடிஞ்சது எனக்கு, ஆள் படுத்துட்டது அவர். நீ சொன்னா கேப்பார். ஏதாவது சொல்லேன்."

"சொல்றேன்" என்றேன். போய்ச் சொல்லவில்லை. இப்படி மூன்று நாள்.

நான்காம் நாள் காலை, மூன்று பதிவேடுகளையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார் விசாரணை அதிகாரி. சங்கத்தின் பின்னறையில் அவருக்கு ஒரு மேஜை போட்டிருந்தது. அவர் முன்னால் யாரோ இருந்ததால், என்னை வெளியே ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். மடியில் மூன்றாவது பதிவேடு. சும்மா திறந்தேன்.

அந்த ஏழு பறப்புகளும் என் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. முன் இருக்கையில் யார் என்று ஒரு கட்டம் எங்கள் பதிவேட்டில் உண்டு. ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் மனைவி. தையல்கடைக்காரி. ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர். ஐந்தாவது வரி: 'என் மகள்.' ஆறாவது, ஏழாவதில் இரட்டைச் சகோதரர்கள், ஒருவர் மாற்றி ஒருவர்.

ஐந்தாவது வரியில் என் கண் நின்றுவிட்டது. அது ஞாபகம் இருந்தது, ஆனால் அந்த வரிசையில் வைத்துப் பார்த்ததில்லை. மகள் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு, "அப்பா, வீட்டு மாடில காயப்போட்ட உன் பனியன் தெரிஞ்சுதுப்பா" என்று இறங்கினாள். அப்போது நட்டு எத்தனை சுற்று கழன்றிருக்கும்? பாதி? பாதிக்கு மேல்? ஏழு பேரை ஏற்றி, ஏழு பேரையும் இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் அத்தை கையை விட்டிருக்கிறது. அதுவும் தரைக்கு அருகில், விழத் தெரிந்தவள் ஒருத்தி தனியாக இருந்தபோது.

அந்தப் பெஞ்சில் எனக்கு வந்தது பயம் அல்ல. அது நன்றி. யாருக்கு என்று சொல்லத் தெரியாத நன்றி. கடவுளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அந்த ஏழாவது சுற்றுவரை தாங்கிய நட்டுக்கு, அதைச் செய்த கைக்கு, முன்பொரு காலத்தில் பதினொரு தடவை இந்தச் சட்டத்தை ஒட்டி நிமிர்த்திய அந்த இரண்டெழுத்துக் கிறுக்கலுக்கு. கேட்காமலே என் மடியில் இத்தனை வந்து விழுந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் ஒருவனைச் சுவரைப் பார்க்க விட்டிருக்கிறேன்.

உள்ளே போனதும் விசாரணை அதிகாரி பதிவேடுகளை வாங்கி ஓரமாக வைத்தார். ஒல்லியான மனிதர், ஜலதோஷம். ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்காகக் காத்திருக்கத் தெரிந்தவர்.

"உங்க மச்சினர் எழுதிக் கொடுத்தத வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"ஏதாவது சேக்கணுமா?"

நான் மேஜையைப் பார்த்தேன். மேஜைமேல் கடிகாரம் இருந்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டையை நான்காக மடித்தார். அவசரப்படுத்தவே இல்லை. இன்னொருவர் "சரி, போங்க" என்று அனுப்பியிருப்பார். அவர் காத்திருந்ததற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். பையிலிருந்து பிளேயரை எடுத்து மேஜைமேல் வைத்து, முதலிலிருந்து சொன்னேன். சக்கர மூடியிலிருந்து.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்.

"எனக்குத் தெரிஞ்சாச்சு" என்றார். "அவருக்கு யார் சொல்றது?"

மருத்துவமனைக்கு நடந்தே போனேன். மாப்பிள்ளை சன்னலோரம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். தங்கையின் கால் கப்பியில் தொங்கியது. நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"மாப்ள, நீ பிளேயர வச்சுட்டுத்தான் போன. நான்தான் எடுத்தேன்."

அவன் உரிப்பதை நிறுத்தினான்.

"என் பிளேயராச்சேன்னு ஒரு கோவம். எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். குனிஞ்சு பின் இருக்கான்னு பாக்கல. பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். இப்பத்தான் அதிகாரிகிட்ட எழுதிக் கொடுத்துட்டு வரேன்."

நடையில் ஒரு தள்ளுவண்டி உருண்டு போனது.

"வச்சேனா?" என்றான்.

"வச்ச."

"மடல்மேலதானே?"

"மடல்மேல. இடது பக்கம்."

"வச்சிருக்கேன்" என்றான், தங்கையைப் பார்த்து. அவள் முகத்தைப் பார்த்து. "வச்சுட்டுத்தான் போயிருக்கேன்." அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதான். ஆரஞ்சுச் சாறு போர்வையில் வழிந்தது. அவள் அவன் பிடரியில் கையை வைத்துக்கொண்டு, அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்தது என்று எழுத மாட்டேன். அப்போது இருந்தது கோபம்தான்.

வெகுநேரம் கழித்து அவன் நிமிர்ந்தான். "ஒரு வார்த்த, மச்சான். 'ஏண்டா எடுத்த'ன்னு கத்தியிருந்தாகூட போதுமே. நானும் காலைல கேக்கல. பின் போட்டீங்களான்னு கேக்க ரெண்டு நொடி. கேக்கல."

"நீ வெளிய போ அண்ணா" என்றாள் தங்கை. நான் கதவுவரை போனேன். "இல்ல, நில்லு. ரெண்டு பேரும் இங்கயே பேசுங்க. அஞ்சு வாரம் நடுவுல நின்னு சுமந்தேன், இப்பப் படுத்துக்கிட்டுக் கேக்குறேன். யாராவது பேசுங்க. சக்கர மூடியப் பத்தியாவது பேசுங்க."

"சிவப்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"இல்ல மச்சான்" என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கேவலமா இருந்துச்சு. அடிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும்."

தங்கை சிரித்தாள். காறையெலும்பு வலித்து "அய்யோ" என்றாள். பிறகு மீதி ஆரஞ்சை என்னிடம் நீட்டினாள்.

அறிக்கை நான்கு மாதம் கழித்து வந்தது. இரண்டு கையெழுத்தும் தவறு என்றது. மடல் விடுபட்டும் விமானி உயிர் பிழைத்ததற்கு இரண்டு காரணம் சொன்னது: அவள் கடைசி நொடியில் கொடுத்த வேகம், மரச்சட்டம் ஒரேயடியாக உடையாமல் படிப்படியாக முறிந்து அடியை வாங்கிக்கொண்டது. மாப்பிள்ளையின் லைசென்ஸ் ஆறு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. என்னுடையது ரத்தானது. அது சரியான தீர்ப்பு. கொட்டகையில் கருவியை வைத்துவிட்டுப் போகும் வழக்கம் அன்றோடு நின்றது. இப்போது பாதி வேலையில் பெயர் எழுதிய அட்டையைக் கம்பியால் கட்டுகிறார்கள்.

அத்தையை மறுபடி கட்டவில்லை. எஞ்சின் ஒரு தொழிற்பள்ளிக்குப் போனது, மாணவர்கள் பிரித்துப் பூட்டுகிறார்கள். கீழ் இறக்கைகளும் வாலும் அதே வகை விமானம் ஒன்றில் பொருத்தப்பட்டு, வேறு ஊரில் பறக்கின்றன. தங்கை இரண்டு வருடம் கழித்து மறுபடி ஓட்ட ஆரம்பித்தாள். குளிர்நாளில் லேசாக நொண்டுவாள். மாப்பிள்ளை இன்று எங்கள் கொட்டகைக்குத் தலைமை மெக்கானிக். தபால்காரர் தன் எண்பத்தாறாம் வயதில் தூக்கத்தில் இறந்தார், மனைவி இருக்கிறார். தையல்கடை இப்போது இரண்டு கடையாக இருக்கிறது. ஆசிரியர் ஊர் மாறிப் போனார். இரட்டையரில் ஒருவர் லாரி ஓட்டுகிறார், மற்றவர் பேக்கரி வைத்திருக்கிறார். என் மகள் கணக்குப் பாடம் நடத்துகிறாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. விசாரணை அதிகாரி ஓய்வுபெற்றுவிட்டார். நான் சங்க அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளையும் நானும் ஒரே மேஜையில் உட்காருகிறோம்.